சாய்ந்த எழுத்து ஷர்லி

சுண்ணக்கட்டியை எடுத்து லாரியின் இடது பக்கப் பலகையில் ஓர் அம்புக்குறி போடுகிறார் ஷர்லி. அம்பு லாரியின் முகத்தைக் காட்டுகிறது. லாரிக்கு முகம் எந்தப் பக்கம் என்பது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஓட்டுநருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. “வண்டி முன்னாடிதான்க்கா போவும். நம்பலாம்” என்கிறார். “தெரியும்ணே. ஒங்களுக்குப் போடல, எனக்குப் போட்டுக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த சுண்ணப்பொடியைத் துப்பட்டாவில் துடைத்தபடி ஷர்லி கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காருகிறார்.

கீரனூரில், திருச்சி ரோட்டில், நான் தினமும் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது அவருடைய ஸ்டிக்கர் கடை. பஸ் வர வேண்டிய நேரத்துக்கும் அது வந்து சேருகிற நேரத்துக்கும் நடுவே கிடைக்கிற அவகாசத்தில்தான் எனக்கு ஷர்லியைப் பழக்கம். வெயில் ஏறினால் அவர் கடை நிழலில் போய் நிற்பேன். “உள்ள வாங்க சார், பஸ்ஸு வந்தா நான் சொல்றேன்” என்பார். சொல்ல மாட்டார். வேலையில் தலையைக் கொடுத்துவிட்டால் பஸ் கடைக்குள்ளேயே வந்தாலும் அவருக்குத் தெரியாது. அவரை நம்பி நான் விட்ட பஸ்கள் பல.

வண்டிகளுக்குப் பெயர் வெட்டி ஒட்டுவது தொழில். லாரி, டிராக்டர், மினி பஸ், ஆட்டோ, ‘குட்டியானை’ என்று ஊரே கூப்பிடுகிற சின்ன லோடு வண்டி, எது வந்தாலும் ஷர்லி கையில் ஒரே ஓர் எழுத்து வடிவம்தான். தடித்த எழுத்து. உடம்பு முழுக்க ஒரே கனம். வால் கிடையாது, நெளிவு கிடையாது, முனைகளெல்லாம் அரிவாளால் சீவியதுபோல் மொட்டையாக நிற்கும். எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கிறவன் முன்னால் குனிந்திருப்பானே, அந்தச் சாய்வு. யார் வரைந்த எழுத்து என்று அவருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் வாங்கியபோது அதற்குள் ஏதோ ஒரு நம்பர் பெயரில் இருந்ததாம். இவர் வைத்த பெயர் ‘பாயுற எழுத்து’.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த எழுத்தைக் கண்டாலே ஆகாது. பந்தயக் காளைக்கு வைக்கிற பேனரில் இதுதான், கடை திறப்பு விழாவில் இதுதான், தேர்தல் சுவரில் இதுதான். காதருகே வந்து கத்துவதுபோல் இருக்கும். ஒருநாள் அதை அவரிடமே சொன்னேன். ஷர்லி கோபித்துக்கொள்ளவில்லை.

“சரிதான் சார். இது கூப்புடுற எழுத்து. பேசுற எழுத்து இல்ல. ஒருத்தர் பேரச் சொல்லிக் கூப்புடலாம். அதுக்கு மேல ஒரு வரி போட்டாக்கூட கண்ணு வலிக்கும்.”

சொன்னதற்குத் தகுந்தாற்போல்தான் நடக்கிறார். பங்குக் கோயில்காரர்கள் வேனின் பின்பக்கம் ஒரு வேத வசனம் முழுவதும் இந்த எழுத்தில் வேண்டும் என்று வந்தபோது முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவருடைய கடைப் பெயர்ப்பலகையில் எழுத்து நேராக நிற்கிறது, அதுவும் பெயிண்டில் எழுதியது. ஏன் என்று கேட்டதற்கு, “கட எங்க சார் போகப்போவுது? நிக்கிறதுக்கு எதுக்குச் சாய்வு?” என்றார்.

ஆள் நல்ல உயரம். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். இடது கைக் கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டாமல் வளர்த்திருக்கிறார், ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்புவதற்கு. துப்பட்டாவில் எப்போதும் ஒரு ஊசி குத்தியிருக்கும். மெஷின் வெட்டிக்கொடுத்த பிறகு, எழுத்துச் சுழிகளுக்குள்ளே இருக்கிற வேண்டாத துணுக்குகளை அந்த ஊசியால் கிள்ளி எடுப்பார். அப்போது எழுத்துகளோடு பேச்சு நடக்கும். “இந்த ‘ணி’ இருக்கே, சண்டி மாடு” என்பார். ‘ழ’ வந்தால் அவருக்குச் சந்தோஷம். ஒருமுறை அவசரக்காரர் ஒருவர் பின்னால் நின்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஷர்லி திரும்பாமல், “அண்ணே, நீங்க பேசுனா இதுக்கு வெக்கமா இருக்கு, அங்கிட்டுப் போயி டீ குடிச்சிட்டு வாங்க” என்றார். அவரும் பேசாமல் போய்விட்டார்.

இனி அந்த அம்புக்குறிக்கு வருகிறேன். தமிழை இடமிருந்து வலமாக எழுதுகிறோம், எழுத்தும் வலப்பக்கம் சாய்கிறது. வண்டியின் வலது பக்கம் ஒட்டினால் எழுத்து வண்டியின் முகத்தைப் பார்த்துச் சாயும். வண்டியும் எழுத்தும் சேர்ந்து ஓடும். அதே எழுத்தை இடது பக்கம் ஒட்டினால் சாய்வு வண்டியின் பின்புறம் போய்விடும். வண்டி முன்னால் போகும், பெயர் மட்டும் பின்னால் இழுக்கும். பெரும்பாலான கடைகளில் இதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள். ஒன்றையே இரண்டாக வெட்டி இரண்டு பக்கமும் அப்பிவிடுவார்கள். ஷர்லிக்கு அது பொறுக்காது. இடது பக்கத்துக்கு என்று எழுத்தை நிமிர்த்தி, மறுபடி எதிர்ப்பக்கம் சாய்ப்பார். அப்படிச் சாய்க்கும்போது சுழிகளெல்லாம் கோணிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் சரிபண்ணுவார். காசு அதற்குக் கூடுதலாகக் கிடையாது.

“பின்னுக்குச் சாஞ்சிருந்தா வண்டி மனசில்லாமப் போற மாதிரியே இருக்கும் சார். ரோட்டுல போறப்பப் பாருங்க, தெரியும்.”

பார்த்தேன். பார்த்த நாளிலிருந்து எனக்கும் வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை. திருச்சி போகிற வழியெல்லாம் பின்னால் சாய்ந்த வண்டிகள். கெட்டது என் நிம்மதி. இந்தப் பக்கத்து ஓட்டுநர்களிடமும் அந்த வியாதி பரவிவிட்டது. “ஷர்லி அக்காகிட்ட ஒட்டுனா ரெண்டு பக்கமும் பாயும்” என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். அதற்காகவே புதுக்கோட்டையிலிருந்தும் வண்டிகள் வருகின்றன.

ஆனால் வந்தவர்களுக்கு அவரிடம் ஒரு குறை உண்டு. இந்த ரோட்டோரத் தொழில்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. வேலை முடிந்ததும், வேலை செய்தவர் வண்டியின் இடது பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். கண்டக்டர் தட்டுகிற மாதிரித்தான். அந்தத் தட்டு விழுந்த பிறகே ஓட்டுநர் வண்டியை நகர்த்துவார். பஞ்சர் ஒட்டுகிறவர் தட்டுவார், பெயிண்டர் தட்டுவார், பக்கத்து வெல்டிங் கடை முனியசாமி தட்டினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். ஷர்லி தட்டுவதில்லை. ஓட்டுநர் என்ஜினைக் கிளப்பிவிட்டுக் கண்ணாடியில் பார்ப்பார். இவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்பார். “போயிட்டு வாங்கண்ணே” என்று வாயால் மட்டும் சொல்வார். ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்ததைப் பார்த்திருக்கிறேன். பல பேர் முனியசாமியைக் கூப்பிட்டுத் தட்டச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார், ஒரேயடியாக அல்ல. ஊசியால் கிள்ளிக்கொண்டே ஒருநாள் கொஞ்சம், பஸ் வராத இன்னொரு நாள் கொஞ்சம்.

அவர் கணவர் ஜெரால்டு லோடு வண்டி ஓட்டினார். நீலநிறக் குட்டியானை, சொந்த வண்டி. வாங்கிய புதிதில் மகள் பெயரை ஒட்டச் சொன்னார். இலக்கியா. ஊர் வண்டிகளுக்கெல்லாம் பார்த்துப் பார்த்து ஒட்டுகிறவர், வீட்டு வண்டிதானே என்று மற்ற வேலைகளுக்கு நடுவே அவசரமாக வெட்டி ஒட்டியிருக்கிறார். ஒட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், இடது பக்கம் பெயர் பின்னுக்குச் சாய்ந்திருக்கிறது. ஒன்றையே இரண்டாக வெட்டிவிட்டிருந்தார். எந்தத் தப்பைச் செய்ததற்காக மற்றக் கடைகளைத் திட்டுவாரோ அதே தப்பு.

“உரிச்சுட்டு வேற ஒட்டிப்புடுறேன், ஒரு மணி நேரம் நில்லுங்கன்னேன். அவருக்கு லோடு நிக்கிது. சிரிக்கிறாரு. ‘ஷர்லி, வலது பக்கம் போறேன்னு சொல்லுது, எடது பக்கம் வாரேன்னு சொல்லுது. வீட்ட விட்டுக் கெளம்புறவன் ரெண்டையுந்தானே சொல்லிட்டுக் கெளம்பணும். இருக்கட்டும் விடு’ன்னாரு. எனக்கு மனசு ஆறல. எழுத்த மாத்தாம இந்த வண்டியத் தட்ட மாட்டேன்னு வெளையாட்டுக்குச் சொன்னேன்.”

விளையாட்டு அப்படியே நின்றுவிட்டது. காலையில் ஜெரால்டு வண்டியைக் கிளப்பிக் கடை முன்னால் நிறுத்துவாராம். கண்ணாடியில் பார்ப்பாராம். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். “தட்ட மாட்டியா?” “மாத்த மாட்டீங்களா?” “வர்ற வாரம்.” தினமும் இதே பேச்சுதான். ஒரு பங்குனி மாதத்து விடியற்காலையில், விளக்கு எதுவும் இல்லாமல் ரோட்டோரம் நிறுத்தியிருந்த டிப்பர் லாரியின் பின்னால் வண்டி மோதிவிட்டது. ஓட்டுநர் பக்கம்தான் அடி. ஜெரால்டு அங்கேயே இறந்துபோனார்.

“அன்னைக்கும் தட்டல” என்றார் ஷர்லி. விளக்குப் போடாமல் லாரியை நிறுத்தியவன் செய்த கொலை அது. அதற்கும் ஒரு சாய்ந்த எழுத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் இந்த நியாயத்தையெல்லாம் மூன்று வருஷமாக அவர் தனக்குத் தானே சொல்லிப் பார்க்காமலா இருந்திருப்பார்? அந்த நாளுக்குப் பிறகுதான் சுண்ணக்கட்டி வந்தது. கையைப் பின்னால் கட்டுவதும் எல்லா வண்டிக்கும் ஆயிற்று. நொறுங்கிய வண்டியை யார் யாரோ கையெழுத்து வாங்கிக்கொண்டு இழுத்துப் போனார்கள். பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்றுதான் ஷர்லி நினைத்திருந்தார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, எனக்கு லீவு. மகன் பைக்குக்குப் பெயர் ஒட்டுவதற்காக அவனுக்குப் பதிலாக நான் போயிருந்தேன். கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு குட்டியானை வந்து நின்றது. பலாப்பழம் ஏற்றித் திருச்சியில் இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டி, வாசம் முன்னாலேயே வந்துவிட்டது. ஓட்டி வந்தவர் பெயர் திருமுருகன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இறங்கினதும் விஷயத்துக்கு வந்தார்.

“அக்கா, வண்டி வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆவுது. எம்பொண்ணு பேரு ஹரிணி. ரெண்டு பக்கமும் போடணும். வலது பக்கம் சும்மாதான் கெடக்கு. எடது பக்கம் முன்னாடி வச்சிருந்தவங்க பேரு ஒண்ணு இருக்கு, அத உரிச்சிருங்க.”

ஷர்லி சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு இடது பக்கம் போனார். போனவர் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். நீலப் பலகையில், வெயிலில் வெளுத்து, ஓரமெல்லாம் சுருண்டு, ‘இலக்கியா’ என்று இருந்தது. பின்னுக்குச் சாய்ந்திருந்தது.

“யாரோ வெவரம் இல்லாதவங்க ஒட்டியிருக்காங்கக்கா” என்றார் திருமுருகன், பின்னாலேயே வந்து. “பாருங்க, எழுத்து பின்னுக்கு இழுக்குது. கீரனூர்ல ஒரு அக்கா இருக்காங்க, அவங்க ஒட்டுனாத்தான் சரியா இருக்கும்னு சொன்னாங்க. அதான் இம்புட்டுத் தூரம் வந்தேன்.”

“வண்டிய எங்க தம்பி வாங்குனீங்க?”

“புதுக்கோட்டையில ஒரு புரோக்கர்ட்ட. அடிபட்ட வண்டிதான், சொல்லித்தான் குடுத்தாரு. வலது பக்கம் பூரா புதுசா மாத்துனது. எடது பக்கம் ஒரு கீறல்கூட இல்லக்கா.”

அடிபட்டது என்று சொன்ன புரோக்கர் அதில் ஆள் போனதைச் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் இந்தப் பையன் வாங்கியிருப்பானா? சொல்லிவிடலாம் என்று ஒரு அடி முன்னால் வைத்தேன். ஷர்லி என்னைப் பார்த்தார். லேசாகத் தலையை அசைத்தார், வேண்டாம் என்று. பிறகு திருமுருகனிடம் கேட்டார்.

“பொண்ணு என்ன படிக்கிது?”

“யூகேஜிக்கா. நான் எத்தன மணிக்கு வந்தாலும் வாசல்ல நிக்கிம். இந்த வண்டிச் சத்தம் அதுக்கு அத்துப்படி.”

“அப்ப நல்லாப் பெருசாப் போட்டுருவோம்” என்றார் ஷர்லி.

பழைய ஸ்டிக்கரைச் சும்மா இழுத்தால் தூள் தூளாக வரும். தலைமுடி காயவைக்கிற மெஷினால் சூடு காட்டி, பசை இளகின பிறகு உரிக்க வேண்டும். ஷர்லி ‘இ’யில் தொடங்கினார். அந்த நீண்ட நகத்தை ஓரத்தில் கொடுத்து, சூட்டை மெல்ல நகர்த்தி, ஒவ்வொரு எழுத்தாக எடுத்தார். அவர் இவ்வளவு மெதுவாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. எழுத்துகளோடு பேசவும் இல்லை. திருமுருகன் கைபேசியில் யாரிடமோ பலாப்பழ விலை பேசிக்கொண்டிருந்தார். கடைசி ‘யா’ வந்ததும் ஷர்லி மெஷினை நிறுத்திவிட்டு, முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வைதான் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

பெயர் போகவில்லை. வருஷக்கணக்கில் வெயில் பட்ட பலகை முழுவதும் வெளுத்துப் போயிருந்தது. ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பெயிண்ட் மட்டும் வாங்கிய அன்றைக்கு இருந்த நீலத்தில் அப்படியே இருந்தது. வெளிறிய பலகையில் பளிச்சென்ற நீலத்தில், அதே பின்சாய்வோடு, இலக்கியா.

“என்னக்கா, இது போவாதா? பாலிஷ் போட்டா?”

“பாலிஷ் எதுக்கு தம்பி. மூடி வச்சிருந்த எடம், அதான் புதுசா இருக்கு. நாலு மாசம் ஓட்டுனீங்கன்னா வெயில் பட்டு இதுவும் மத்த எடம் மாதிரி ஆயிரும். தானாப் போயிரும்.”

பிறகு உள்ளே போய் ‘ஹரிணி’யை வெட்டினார். வலது பக்கத்துக்கு ஒன்று. இடது பக்கத்துக்கு என்று நிமிர்த்தி, எதிர்ப்பக்கம் சாய்த்து, கோணிக்கொண்ட சுழிகளைச் சரிபண்ணி இன்னொன்று. ‘ணி’யில் ஊசியை விட்டபோது மட்டும், “சண்டி மாடு” என்று முணுமுணுத்தது கேட்டது. வெளியே வந்து சுண்ணக்கட்டியால் அம்பு போட்டார். சோப்புத் தண்ணீர் தெளித்து, எழுத்தை வைத்துப் பார்த்தார். பழைய பெயரின் மேல் வைக்கவில்லை. அதைத் தாண்டி, வண்டியின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

“நடுவுல வரலியேக்கா?” என்றார் திருமுருகன்.

“இங்கிட்டு இருந்தாத்தான் தம்பி, ஒங்க பொண்ணுக்கு மொதல்ல தெரியும்.”

அவருக்கு அது சரியாகப் பட்டது. பிளாஸ்டிக் தகட்டால் தேய்த்துத் தண்ணீரை வெளியேற்றி, எழுத்துகள் கலையாமல் இருக்க மேலே ஒட்டியிருந்த டேப்பை ஷர்லி உரித்தார். முன்னால் ஹரிணி, முகத்தைப் பார்த்துப் பாய்ந்துகொண்டு. அதற்குப் பின்னால், ஸ்டிக்கரே இல்லாமல், வந்த வழியைப் பார்த்துச் சாய்ந்தபடி இலக்கியா. நான் வெறுத்த அந்தத் தடித்த எழுத்தை அன்றைக்கு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திருமுருகன் காசைக் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். என்ஜின் இரைந்தது. வழக்கம் தெரிந்த பிள்ளை, வண்டியை எடுக்கவில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். ஷர்லியின் கைகள் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தன. பக்கத்துக் கடையிலிருந்து முனியசாமி, இது தன் வேலை என்பதுபோல் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

“நீங்க இருங்கண்ணே” என்றார் ஷர்லி.

கோத்திருந்த விரல்கள் பிரிந்தன. வலது கை முன்னால் வந்து, அந்த நீலத்தின் மேல் கொஞ்ச நேரம் அப்படியே பதிந்திருந்தது. பிறகு உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.